எந்த முனையில் தோற்பது?

கிழக்கே ரஷ்யா, தெற்கே ஆஸ்திரியா, மேற்கே பிரான்ஸ், வடக்கே ஸ்வீடன். நடுவில் நீங்கள். கம்ப்யூட்டர் கேமில் இப்படி மாட்டிக்கொள்கிறவர் என்ன செய்யலாம்? நிஜத்தில் மாட்டிக்கொண்ட ஓர் அரசர் என்ன செய்தார்?

ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது. திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. அதை மூடினால் அடியில் இன்னொன்று: ரஷ்யாவும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது பெட்டியைப் படிக்காமலே மூடிவிடுகிறோம். வரைபடத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தால் தெற்கே நாற்பதாயிரம் பேர், கிழக்கே முப்பதாயிரம். மேற்கே எவ்வளவு என்று மூட்டத்தில் தெரியவில்லை. கை தானாக ஸ்பேஸ் பாருக்குப் போகிறது. காலம் நிற்கிறது.

இந்த இடத்தில் பலரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. இருக்கிற படையை எண்ணி, முனைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுவிடுவார்கள். பார்வைக்கு நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஆட்டத்துக்குள் ஒரு வருஷம் ஓடி முடிவதற்குள் எல்லா முனையிலும் தோற்றிருப்பார்கள். இரண்டு மடங்கு ஆட்களோடு வருகிறவன் இரண்டு மடங்கு மட்டும் ஜெயிப்பதில்லை. முப்பதாயிரம் பேரிடம் மாட்டிய பத்தாயிரம் பேர் அநேகமாக அப்படியே அழிந்துபோவார்கள். எதிரிக்குக் கீறல்தான் விழும். அடுத்த பத்தாயிரம் பேருக்கும் அதே கதி. போர்வை சின்னது என்று தெரிந்தபிறகும் தலை, கால், முதுகு எல்லாவற்றையும் மூடப் பார்த்தால் எல்லாமே குளிரும்.

நான் சொல்லவரும் கேமின் பெயர் ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் இருக்கும் பாரடாக்ஸ் நிறுவனம் 2013 ஆகஸ்டில் வெளியிட்டது. ஓடிப்போய்ச் சுடுகிற விளையாட்டு இல்லை. உலக வரைபடம் ஒன்று, அதன்மேல் எண்கள், அவ்வளவுதான். ஆட்டம் 1444 நவம்பர் 11 அன்று தொடங்கும். அதற்கு முந்தின நாள்தான் வர்ணா போரில் ஒட்டோமான் படை ஐரோப்பியக் கூட்டுப்படையை முறியடித்திருந்தது. 1821 வரை விளையாடலாம். எந்த நாட்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் தேவராயர் காலத்து விஜயநகரத்தை எடுத்துப் பாமினி சுல்தான்களோடு மல்லுக்கு நிற்கிற நம்மூர் ஆட்கள் நிறையப் பேர். இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது பிரஷ்யா. காரணம், பல முனைப் போர் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அதைவிடப் பொருத்தமான நாடு வரலாற்றில் கிடையாது.

ஆயிரம் ஆயிரமாக

திரையின் மேல்பட்டையில் ஓர் எண் இருக்கும். நாட்டில் இன்னும் எத்தனை பேரைப் படைக்கு எடுக்கலாம் என்று சொல்லும் ஆள்பலக் கணக்கு அது. ஒரு ரெஜிமென்ட் என்றால் ஆயிரம் பேர். சண்டையில் செத்தாலும், குளிரில் செத்தாலும், கோட்டை வாசலில் காத்துக்கிடந்து செத்தாலும் அந்த எண்ணிலிருந்துதான் இட்டு நிரப்ப வேண்டும். முழுக்க வற்றிப்போனால் பழைய நிலைக்கு வர ஆட்டக் கணக்கில் பத்து வருஷம் ஆகும். போர் அத்தனை நாள் காத்திருக்காது.

புதிதாக விளையாடுகிறவர்கள் எதிரியின் படையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழகினவர்களின் கண் இந்த எண்ணின்மேல் இருக்கும். பணம் தீர்ந்தால் கடன் வாங்கலாம். கடன் முட்டினால் நாணயத்தில் கலப்படம் செய்வதற்குக்கூட ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் நாட்டில் ஊழல் ஏறும். கூலிப்படை பிடிக்கலாம். ஆனால் சொந்த ஆள்பலம் தீர்ந்துவிட்டால் ஜெயிக்கிற சண்டைகூட நஷ்டக் கணக்குதான்.

கலப்பட நாணயத்தை கேம் எழுதியவர்கள் கற்பனையில் பிடிக்கவில்லை. ஏழாண்டுப் போரில் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் அதைத்தான் செய்தார். சாக்ஸனியைப் பிடித்ததும் லைப்சிக் நாணயச்சாலையின் அச்சுகள் அவர் கைக்கு வந்தன. அந்த அச்சுகளிலேயே வெள்ளி குறைத்த காசுகளை அடிக்க வைத்தார். குத்தகைதாரரான எஃப்ரைமின் பெயரால் மக்கள் அவற்றை ‘எஃப்ரைமிட்டன்’ என்று அழைத்தார்கள். பார்வைக்குப் பழைய சாக்ஸனி காசு, உள்ளே சரக்கு குறைவு. போர்ச் செலவில் ஒரு பெரும் பங்கு இப்படித்தான் ஈடானது.

அவருடைய நிலைமையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். போர் தொடங்கிய 1756இல் பிரஷ்யாவின் மக்கள்தொகை சுமார் 45 லட்சம். எதிரிகளில் ஒன்றான பிரான்ஸில் மட்டும் சுமார் 2.5 கோடி. 1740இல் ஃபிரெடெரிக் ஆஸ்திரியாவிடமிருந்து சைலீசியாவைப் பறித்திருந்தார். அதை ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா மறக்கவேயில்லை. தலைமுறை தலைமுறையாகப் பகைவர்களாக இருந்த ஆஸ்திரியாவும் பிரான்ஸும் 1756 மே மாதம் வெர்சாய் உடன்படிக்கையில் கை குலுக்கின. ரஷ்யா பின்னால் நின்றது. வலை இறுகுகிறது என்று கண்ட ஃபிரெடெரிக் காத்திருக்காமல் ஆகஸ்ட் 29 அன்று சாக்ஸனிக்குள் நுழைந்தார். அடுத்த வருஷம் ஸ்வீடனும் ஜெர்மானியச் சிற்றரசுகளில் பெரும்பாலானவையும் எதிரணியில் வந்து நின்றன. பக்கத்தில் நின்றது பிரிட்டனும் ஹனோவரும் இன்னும் சில குட்டி நாடுகளும்.

கேமில் இதற்கு நேரான ஏற்பாடு உண்டு. அக்கம்பக்கத்து நிலத்தை அவசரமாகப் பிடித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு நாட்டிடமும் உங்களுக்குக் கெட்ட பெயர் ஏறும். அது ஐம்பதைத் தாண்டிய நாடுகள் எதிர்க்கூட்டணி கட்டலாம். அந்தக் கூட்டணி போருக்கு வந்தால் ஒரு நாட்டை மட்டும் தனியாகச் சமாதானம் பேசி வெளியே அனுப்ப முடியாது. மொத்தமாக ஜெயிக்க வேண்டும், அல்லது மொத்தமாகத் தோற்க வேண்டும். இந்த விதியை நான் கொஞ்சம் கடுமையானதாகவே நினைக்கிறேன். நிஜத்தில் கூட்டணிகள் இவ்வளவு ஒட்டுப்போட்ட மாதிரி இருந்ததில்லை. ஃபிரெடெரிக் பிழைத்ததே அதனால்தான்.

கான்ட் எழுதிய விண்ணப்பம்

ஃபிரெடெரிக் செய்தவற்றில் கேம் ஆடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அவருடைய பெரிய வெற்றிகளை அல்ல. அவர் கைவிட்ட ஓர் ஊரை.

கிழக்குப் பிரஷ்யா மற்ற பகுதிகளிலிருந்து துண்டாகத் தள்ளி இருந்தது. நடுவில் போலந்து. 1757 ஆகஸ்ட் 30 அன்று கிராஸ்-யேகர்ஸ்டார்ஃபில் அங்கிருந்த சிறிய பிரஷ்யப் படையை ரஷ்யர்கள் தோற்கடித்தார்கள். 1758 ஜனவரியில் கோனிக்ஸ்பெர்க் ரஷ்யர் கைக்குப் போனது. அது சாதாரண ஊரல்ல. பிரஷ்ய அரசர்களின் முதல் முடிசூட்டு விழா 1701இல் அங்கேதான் நடந்தது. அப்படிப்பட்ட ஊர் போனதும் ஃபிரெடெரிக் படையைத் திருப்பவில்லை. நாலு வருஷத்துக்கும் மேல் அதை எதிரியிடமே விட்டுவைத்தார்.

ஊர் என்ன ஆயிற்று? பல்கலைக்கழகம் நடந்தது, கடைவீதி நடந்தது. அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த இமானுவேல் கான்ட் என்கிற இளம் விரிவுரையாளர் 1758 டிசம்பரில் பேராசிரியர் பதவி கேட்டு விண்ணப்பம் போட்டார். விண்ணப்பம் யாருக்கு? ரஷ்யப் பேரரசி எலிசபெத்துக்கு. பதவி கிடைக்கவில்லை என்பது வேறு கதை. பின்னாளில் உலகமே படிக்கப்போகிற தத்துவ அறிஞர் அந்தச் சில வருஷங்கள் ரஷ்யக் குடிமகனாகத்தான் இருந்தார்.

இதைத்தான் கேமில் செய்யத் தயங்குகிறோம். வரைபடத்தில் நம் நிறம் இருந்த இடத்தில் எதிரியின் கோடுகள் விழுந்தால் மனசு கேட்காது. ஓடிப்போய் மீட்கப் பார்ப்போம். ஆனால் ஒரு மாகாணம் எதிரி வசம் இருப்பதும், அதை இழப்பதும் ஒன்றல்ல. சமாதானக் கையெழுத்து போடும்போது யார் கை ஓங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. அதுவரை அங்கே இருக்கிற எதிரிப் படை உங்கள் முக்கியமான முனைக்கு வராமல் இருந்தாலே உங்களுக்கு லாபம். பல முனைப் போரில் முதல் வேலை எங்கே ஜெயிப்பது என்று பார்ப்பதல்ல; எந்த முனையில் தோற்கலாம், எவ்வளவு மெதுவாகத் தோற்கலாம் என்று முடிவு செய்வது. அது முடிவாகிவிட்டால் ஜெயிக்க வேண்டிய இடம் தானாகத் தெரியும்.

மெதுவாகத் தோற்பதற்கு மலிவான கருவி கோட்டை. கேமில் முற்றுகை போடும் படை மாதத்துக்கு ஒருமுறை பகடை உருட்டும். கோட்டை விழுவதற்கான வாய்ப்பு சதவீதத்தில் காட்டப்படும்: 7, பிறகு 14, பிறகு 21. நடுவில் ‘உணவுத் தட்டுப்பாடு’, ‘தண்ணீர்த் தட்டுப்பாடு’, ‘மதில் உடைந்தது’ என்று செய்தி வரும். சில மாதம் முற்றுகையிட்டவன் முகாமிலேயே தொற்றுநோய் பரவிவிடும். இருபதாயிரம் பேரை ஒரு வருஷம் கட்டிப்போட இரண்டாயிரம் பேர் உள்ளே இருந்தால் போதும். எல்லையில் இருக்கிற ஒவ்வொரு கோட்டைக்கும் மாதாமாதம் தண்டம் அழுகிறோமே என்று சமாதான காலத்தில் இடிக்கிறவர்கள், போர் வந்ததும் அதற்கான விலையைக் கொடுப்பார்கள்.

பால்டிக் கரையில் கோல்பெர்க் என்றொரு கோட்டை. ரஷ்யர்கள் 1758இல் முற்றுகையிட்டார்கள், விழவில்லை. 1760இல் கடல் வழியாகவும் வந்தார்கள், விழவில்லை. 1761 டிசம்பரில்தான் விழுந்தது. முதல் முற்றுகையின்போது உள்ளே இருந்தது சில நூறு பேர். பாதிக்கு மேல் ஊர்க்காவல் ஆட்களும் வயதான சிப்பாய்களும். அவர்களை வைத்துக்கொண்டு ஹைடே என்ற தளபதி பிடித்துநின்றார். அந்தத் துறைமுகம் கிடைத்திருந்தால் ரஷ்யர்களுக்குத் தானியமும் வெடிமருந்தும் கடலிலேயே வந்திருக்கும், குளிர்காலத்தில் விஸ்டுலா நதிப்பக்கம் திரும்பிப் போக வேண்டியிருந்திருக்காது. ஃபிரெடெரிக்கின் புகழ்பெற்ற களங்களைப் பாடிய புத்தகங்களில் கோல்பெர்க் ஒரு பத்தியோடு முடிந்துவிடும். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வெற்றிகளில் ஒன்றான ராஸ்பாக்குக்குச் சமமான இடம் அதற்குக் கொடுக்கலாம்.

ரயிலில் இருந்த படை

அடுத்த சிக்கல், தூரம். நடுவில் இருக்கிறவனுக்கு ஒரு சலுகை உண்டு. எதிரிகள் ஒருவரை ஒருவர் சந்திக்கச் சுற்றிவர வேண்டும். அவன் குறுக்கே நடந்தால் போதும். ஃபிரெடெரிக் இதை ஒரு கலையாகவே செய்தார்.

1757 இலையுதிர்காலம் அவருக்குப் படுமோசமாக இருந்தது. ஜூன் 18 அன்று கோலினில் ஆஸ்திரியத் தளபதி டவுனிடம் தோற்றிருந்தார். அக்டோபரில் ஹாடிக் என்ற ஆஸ்திரியத் தளபதி குதிரைப்படையோடு பெர்லினுக்குள்ளேயே புகுந்து, பணம் வசூலித்துக்கொண்டு போய்விட்டார். அந்த நிலையில் நவம்பர் 5 அன்று ராஸ்பாக்கில் சுமார் 22,000 பேரை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்த பிரெஞ்சு-ஜெர்மானியக் கூட்டுப்படையை இரண்டு மணி நேரத்துக்குள் சிதறடித்தார். மேற்கு முனை அந்த வருஷத்துக்கு அடங்கிவிட்டது. இதற்குள் கிழக்கே சைலீசியாவில் பிரெஸ்லாவ் நகரம் ஆஸ்திரியர் வசமாகிக்கொண்டிருந்தது. ஓய்வெடுக்க நேரமில்லை. இரண்டு வாரத்தில் சுமார் 300 கிலோமீட்டர் நடந்து, வழியில் தோற்றுச் சிதறியிருந்த பிரஷ்யப் படையையும் சேர்த்துக்கொண்டு, டிசம்பர் 5 அன்று லாய்தனில் நின்றார்.

எதிரே ஏறக்குறைய 65,000 ஆஸ்திரியர்கள். இவரிடம் அதில் பாதி. ஆனால் அந்த வயல்வெளியில்தான் சமாதான காலத்தில் பிரஷ்யப் படை பயிற்சி எடுத்திருந்தது. எந்த மேடு எதை மறைக்கும் என்று அவருக்கு மனப்பாடம். எதிரியின் வலது பக்கம் தாக்கப்போகிற மாதிரி போக்குக்காட்டினார். ஆஸ்திரியர்கள் கையிருப்புப் படையை அந்தப் பக்கம் அனுப்பினார்கள். இவருடைய முக்கியப் படை தாழ்வான குன்றுகளுக்குப் பின்னால் தெற்கே நடந்து, இடது கோடியில் வெளிப்பட்டது. இரவு விழுவதற்குள் சண்டை முடிந்தது.

இதைப் படித்துவிட்டு கேமில் படையை மேற்கும் கிழக்குமாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நடக்கிற படை எந்த முனையிலும் இல்லாத படை. எதிரி பலமாக இருக்கிற இடத்திலிருந்து எடுத்து, பலவீனமான இடத்துக்கு அனுப்பி, போய்ச் சேருவதற்குள் பழைய இடம் சரிகிறதே என்று திருப்பி அழைத்து... நான் பார்த்தவரை பல முனைப் போர்களில் தோற்கிற படைகளில் பாதி ஒரு சண்டையும் போடாமல் சாலையிலேயே தேய்கின்றன. குளிர்காலத்தில் ஏழை மாகாணம் வழியாகப் பெரும் படையை நடத்தினால் மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து பேர்வரை காணாமல்போவார்கள்.

நிஜப் போரிலும் இது நடந்தது, அதுவும் ஃபிரெடெரிக்கின் வாரிசுகளுக்கே. 1914 ஆகஸ்ட் கடைசியில் ஜெர்மானியத் தலைமைத் தளபதி மோல்ட்கே, கிழக்கே ரஷ்யர்கள் நுழைகிறார்கள் என்ற பதற்றத்தில், பிரான்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வலது கையிலிருந்து இரண்டு கோர் படைகளைப் பிரித்து ரயிலேற்றினார். அவை கிழக்கே போய்ச் சேருவதற்குள் டானன்பெர்க் சண்டை முடிந்து ஜெர்மனி ஜெயித்துவிட்டது. மேற்கே செப்டம்பரில் மார்ன் நதிக்கரையில் ஆட்கள் போதாமல் திணறியபோது அவை அங்கேயும் இல்லை.

பாரடாக்ஸின் இன்னொரு கேமான ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ இரண்டாம் உலகப்போரைப் பற்றியது. 2016 ஜூன் 6 அன்று, அதாவது நார்மண்டி தரையிறக்கத்தின் நினைவுநாளில் வெளியிட்டார்கள். அதில் முனை என்பது ஒரு கோடு. மவுஸால் இழுத்து, முன்னேற வேண்டிய இடத்துக்கு அம்பு வரைந்தால் டிவிஷன்கள் தாமாகப் போய் நிற்கும். வசதிதான். ஆனால் அம்பு வரைகிறவர் ரயில் பாதையைப் பார்க்க மறந்துவிடுவார். சரக்கு வந்து இறங்கும் இடத்தைவிட்டுத் தூரம் போகப் போகப் படை காய்ந்துகொண்டே போகும். வரைபடத்தில் அம்பு மாஸ்கோவைத் தொட்டுக்கொண்டிருக்கும், டாங்கி எண்ணெய் இல்லாமல் வழியில் நிற்கும். அந்த கேம் தனிக் கட்டுரைக்குரியது, இங்கே போதும்.

புதுச்சேரியை விட்ட கதை

பிரஷ்யாவின் மேற்கு முனையை யார் பார்த்துக்கொண்டது? பிரிட்டனின் பணமும் பிரன்ஸ்விக் இளவரசர் ஃபெர்டினாண்டும். 1758 முதல் பிரிட்டன் ஃபிரெடெரிக்குக்கு வருஷத்துக்கு 6,70,000 பவுண்டு கொடுத்தது. ஃபெர்டினாண்ட் ஹனோவர், பிரிட்டிஷ் படைகளை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களைத் தடுத்துநின்றார். 1759 ஆகஸ்ட் 1 அன்று மின்டனில் அவர்களைத் தோற்கடிக்கவும் செய்தார். லண்டனில் பிரிட்டிஷ் அமைச்சர் வில்லியம் பிட் போட்ட கணக்கு எளிமையானது: பிரான்ஸின் ஆளும் பணமும் ஜெர்மனியில் கரையட்டும், நாம் கடலையும் காலனிகளையும் பிடிப்போம்.

அந்தக் கணக்கு நம் வாசலுக்கு வந்தது. ஏழாண்டுப் போரின் ஒரு முனை தமிழ்நாடு. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். ஜார்ஜ் கோட்டை தாக்குப்பிடித்தது. 1759 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்ததும் லாலி பின்வாங்கினார். பிரெஞ்சுக் கப்பல்படைத் தளபதி டாஷே அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு கடற்சண்டைக்குப் பிறகு மொரீஷியஸ் பக்கம் போனவர் திரும்பவே இல்லை. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட் லாலியைத் தோற்கடித்தார். புதுச்சேரி பல மாதம் பட்டினி கிடந்து 1761 ஜனவரியில் சரணடைந்தது. அந்த ஊரின் ஒவ்வொரு நாளையும் இருபத்தைந்து வருஷம் நாட்குறிப்பில் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை அதே மாதம் காலமானார். ஆங்கிலேயர்கள் நகரை இடித்துத் தள்ளினார்கள்.

பாரிஸுக்கு லாலி எழுதிய கடிதம் கப்பலில் போய், பதில் திரும்பி வர ஒரு வருஷம் ஆகும். ஆனால் புதுச்சேரி விழுந்ததற்கு அதுமட்டும் காரணமல்ல. பிரான்ஸ் 1759இல் ஜெர்மனியில் ஒரு போர், கனடாவில் ஒரு போர், இந்தியாவில் ஒரு போர் நடத்திக்கொண்டே, இங்கிலாந்தின்மேல் படையெடுக்கவும் திட்டம் போட்டது. செப்டம்பரில் கியூபெக் போனது. நவம்பர் 20 அன்று கிபரான் விரிகுடாவில் கப்பல்படை போனது. எந்த முனையை விடுவது என்று முன்கூட்டித் தீர்மானிக்காத நாட்டுக்கு எதிரியே அதைத் தீர்மானித்துக் கொடுத்தான். லாலியை 1766இல் துரோகி என்று தலையை வெட்டினார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிரான்ஸ் பிந்தியாவது புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் கனடாவை விட்டுக்கொடுத்து, சர்க்கரை விளையும் குவாதலூப் தீவைத் திரும்ப வாங்கிக்கொண்டது. புதுச்சேரியும் திரும்பக் கிடைத்தது. இன்றைய கனடாவின் பரப்பைப் பார்த்து இதை முட்டாள்தனம் என்பவர்கள் உண்டு. அன்றைய வரவுசெலவுப் புத்தகத்தில் குவாதலூப்பின் சர்க்கரை கனடாவின் தோல் வியாபாரத்தைவிட எத்தனையோ மடங்கு கனமாக இருந்தது.

கேமிலும் கடைசி ஆயுதம் சமாதான மேசைதான். எதிர்க்கூட்டணிப் போரல்லாத மற்றப் போர்களில், எதிரணியில் யார் அதிகம் சலித்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் ‘போர்க் களைப்பு’ என்று ஓர் எண் ஏறிக்கொண்டிருக்கும். எதிரியின் கூட்டாளிகளில் களைப்பு ஏறியவன், நிலம் பறிகொடுத்தவன், இந்தப் போரில் தனக்கென்று ஆசை எதுவும் இல்லாதவன் எவனோ அவனிடம் நிலம் எதுவும் கேட்காமல், கொஞ்சம் பணம் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். பலர் இங்கே பேராசையில் கெடுகிறார்கள். சின்ன எதிரியை அடித்துப்போட்டதும் அவனிடம் இரண்டு மாகாணம் கறக்கலாமே என்று முற்றுகையை நீட்டுவார்கள். அந்த எட்டு மாதத்தில் பெரிய எதிரி தலைநகருக்கு வந்துவிடுவான்.

ஸ்பேஸ் பார் இல்லாத அரசர்

இங்கே கேமின் பொய்யையும் சொல்லியாக வேண்டும். எல்லா முனைகளையும் வானத்திலிருந்து பார்க்கிறோம். ஆணை கொடுத்த கணமே படை கேட்கிறது. குழம்பினால் காலத்தை நிறுத்தி டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். மல்டிபிளேயரில் பலர் சேர்ந்து ஆடும்போது அந்த வசதி சுருங்கும். அப்போதுதான் உண்மையான பற்றாக்குறை எது என்று புரியும். படை அல்ல, கவனம். தெற்கே ஒரு சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வடக்கே முற்றுகை முடிந்த படை வேலையில்லாமல் மூன்று மாதம் நின்றிருக்கும். நன்றாக ஆடுகிறவர்கள் இரண்டாவது முனையில் எந்தச் சாகசமும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பார்க்காமல் விட்டாலும் கெடாத மாதிரி படையைக் கோட்டையின்மேலோ மலைமேலோ நிறுத்திவிட்டு வருவார்கள்.

ஃபிரெடெரிக்குக்கு அப்படியொரு படையாக இருந்தவர் தம்பி ஹென்றி. சாக்ஸனியில் அவர் பெரிய சண்டைகளைத் தவிர்த்து, எதிரியின் கிடங்குகளைத் தொந்தரவு செய்து, இடம் மாறி மாறி நின்று காலம் கடத்தினார். அண்ணனின் வீரசாகசங்களைப் பற்றித் தம்பிக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. அதற்கு நியாயமும் இருந்தது.

1759 ஆகஸ்ட் 12. கூனெர்ஸ்டார்ஃப். ரஷ்யர்களும் ஆஸ்திரியர்களும் ஒருவழியாகக் கைகோர்த்துவிட்டார்கள். வெயில் கொளுத்துகிறது. முதலில் கிடைத்த வெற்றியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தளபதிகள் சொன்னதை மீறி ஃபிரெடெரிக் தாக்கிக்கொண்டே போனார். சுமார் 50,000 பேரில் 19,000 பேர் செத்தார்கள், காயப்பட்டார்கள், பிடிபட்டார்கள். அவருக்குக் கீழே குதிரைகள் சுடப்பட்டு விழுந்தன. அன்று இரவு தன்னிடம் மூவாயிரம் பேர்கூட மிச்சமில்லை என்று அமைச்சருக்கு எழுதினார். அபின் மாத்திரை அடங்கிய சிறிய டப்பா ஒன்றை அவர் போர்க்காலம் முழுக்கக் கூடவே வைத்திருந்தார். கேமில் இதே தோல்வி மேல்பட்டையில் ஓர் எண் சட்டென்று இறங்குவதாகத் தெரியும். பழைய ‘சேவ்’ கோப்பை எடுத்துத் திரும்ப ஆடலாம்.

பெர்லின் திறந்து கிடந்தது. ஆனால் ரஷ்யர்கள் வரவில்லை, ஆஸ்திரியர்களும் வரவில்லை. நாம் ரத்தம் சிந்தி இவர்கள் சைலீசியாவைப் பிடிக்கவா என்று ரஷ்யர்களுக்குச் சந்தேகம். தங்கள் கிடங்குகளைவிட்டுத் தூரம் போக ஆஸ்திரியர்களுக்குத் தயக்கம். இந்த அதிசயத்தை ஃபிரெடெரிக் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் ‘பிராண்டன்பர்க் வம்சத்தின் அற்புதம்’ என்றார். அந்தப் பெயர் பிறகு வேறொரு சம்பவத்தின்மேல் போய் ஒட்டிக்கொண்டது. 1762 ஜனவரி 5 அன்று ரஷ்யப் பேரரசி எலிசபெத் இறந்தார். பட்டத்துக்கு வந்த மூன்றாம் பீட்டர் ஃபிரெடெரிக்கின் பரம ரசிகர். மே மாதமே சமாதானம் கையெழுத்தானது, கிழக்குப் பிரஷ்யா சும்மா திரும்பி வந்தது. அதே மாதம் ஸ்வீடனும் விலகிக்கொண்டது.

இது வெறும் அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். 1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இறந்த செய்தி வந்ததும் பெர்லினில் நாஜி அமைச்சர் கோயபல்ஸும் அதே அதிர்ஷ்டம் வந்துவிட்டது என்று துள்ளினார். பேரரசி செத்த கதை திரும்ப நடக்கிறது என்று நம்பினார். ஹிட்லரின் பதுங்கு அறையில் ஃபிரெடெரிக்கின் படமும் மாட்டியிருந்தது. ஆனால் அங்கே கூட்டணியைப் பிரிக்க எந்த வாசலும் திறந்து வைக்கப்படவில்லை. ஃபிரெடெரிக்கிடம் 1762இல் உருப்படியான படை ஒன்று இன்னும் களத்தில் நின்றது, பேரம் பேசக் கை நீட்ட ஆட்கள் இருந்தார்கள். அதிர்ஷ்டம் வந்தபோது அதை வாங்கிவைக்க ஓர் இடம் இருந்தது.

அந்த அதிர்ஷ்டமும் ஆறு மாதம்தான். ஜூலையில் பீட்டரை மனைவி கேத்தரின் கவிழ்த்துவிட்டார். சைலீசியாவில் பிரஷ்யாவுக்கு உதவியாக நின்றிருந்த ரஷ்யப் படைக்கு உடனே ஊர் திரும்பச் சொல்லி ஆணை வந்தது. அதன் தளபதி செர்னிஷேவிடம் ஃபிரெடெரிக் ஒரே ஒரு உதவி கேட்டார்: சண்டை போட வேண்டாம், மூன்று நாள் இருக்கிற இடத்திலேயே நில்லுங்கள். செர்னிஷேவ் நின்றார். எதிரே ஆஸ்திரியத் தளபதி டவுனுக்கு ஆணை வந்த விஷயம் தெரியாது. அந்த ரஷ்யர்கள் எப்போது பாய்வார்களோ என்று தன் படையில் ஒரு பகுதியை அவர்களுக்கு எதிராக நிறுத்திவைத்தார். ஜூலை 21 அன்று ஃபிரெடெரிக் புர்கெர்ஸ்டார்ஃபில் வேறு பக்கமாகத் தாக்கி மேடுகளைப் பிடித்தார். ரஷ்யர்கள் ஒரு தோட்டாகூடச் செலவழிக்கவில்லை. மறுநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள். 1763 பிப்ரவரியில் ஹூபெர்டஸ்பர்கில் சமாதானம் ஆனபோது சைலீசியா பிரஷ்யாவிடமே இருந்தது.

இந்தக் கடைசி வித்தையை மட்டும் யூரோப்பா யூனிவர்சாலிஸில் செய்துபார்க்க வழியில்லை. அதில் சமாதானம் என்று பொத்தானை அழுத்தினால் அந்த நாட்டுப் படை அந்தக் கணமே போரைவிட்டு வெளியேறிவிடும். எதிரே நிற்கிறவனுக்கும் அதே நொடியில் செய்தி போய்விடும்.